ஒற்றை நட்சத்திரம் கேட்டு வாங்கிய விதம்

திண்டுக்கல்லில் நெடுங்காலம் சாப்பாட்டுக் கடை நடத்தி ஓய்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. எழுத்து நடையை நாளிதழ்த் தலையங்கங்களிலிருந்தும் பொதுக்கூட்ட மேடைகளிலிருந்தும் நானாகவே பழகிக்கொண்டேன். ஆதலால் இதன் நடையில் பிழை காண விரும்புவோர் தாராளமாகக் காணலாம். சொல்லப்படும் செய்தியில் பிழை காண மட்டும் எவரையும் நான் அனுமதிக்கப்போவதில்லை.

எங்கள் ஜமாஅத்தார் நடத்தும் பாலர் பள்ளிக்கு நான் தாளாளர். மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து மட்டுமல்லாமல் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களிலிருந்தும் வருகிறார்கள். ஆசிரியை கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்மணி, பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர். அந்தப் பள்ளிக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கப்பட்டது. அது எங்களுக்குத் தகாது என்றும், ஒரு நட்சத்திரமே உரியது என்றும் நான் போராடினேன். மூளை கலங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவர்களில் பலர் என் கடையில் சாப்பிட்டவர்கள். அதனால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல் தள்ளி நின்று சொன்னார்கள்.

நட்சத்திரம் வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சிறு பள்ளிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல உண்டு. நிலக்கோட்டையில் பூ வியாபாரிகள் சேர்ந்து ஒன்று நடத்துகிறார்கள். வத்தலக்குண்டில் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் நடத்துகிறார்கள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர்கள் நடத்துகிறார்கள். அதிகாரிகள் வந்தால் சுவரைப் பார்ப்பார்கள், கழிப்பறையைப் பார்ப்பார்கள், தீயணைப்புக் கருவி தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க ஆளில்லை. ஆகவே நாங்களே கூட்டமைப்பு ஒன்றை உண்டாக்கினோம். ஒரு பள்ளிக்கு வேறு இரு பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒருவராக இருவர் செல்வது, அரை நாள் அமர்ந்து பார்ப்பது, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடுவது என்பது ஏற்பாடு. பிள்ளை தானாகப் பேசுகிறதா, கேள்வி கேட்கிறதா, தொட்டு விளையாடப் பொருள் இருக்கிறதா, அழுதால் யார் தூக்குகிறார்கள் என்பவைதாம் பார்க்க வேண்டியவை. எல்லாரும் சேர்ந்து ஒரு பயிற்சி ஆசிரியையையும் அமர்த்திக்கொண்டோம். மிகக் குறைந்த நட்சத்திரம் பெறும் பள்ளியில் அவர் ஆண்டு முழுவதும் தங்கி, அங்குள்ள ஆசிரியையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பின்தங்கியவருக்கே முதல் உதவி என்ற இந்த விதியை எழுதியபோது நான் மனதாரக் கைதட்டினேன்.

முதல் ஆண்டின் முடிவு வெளிவந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஐந்து நட்சத்திரம்.

பின்தங்கியவர் எவரும் இல்லாததால் பயிற்சி ஆசிரியைக்குப் போக இடமில்லாமல் போயிற்று. மருத்துவ முகாம் போல ஊருக்குச் சில நாள் என்று அவரைச் சுற்றவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கும் வந்தார். பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குப் பிடிபடத் தொடங்கிய வேளையில் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

இந்த ஐந்து எப்படி விழுந்தது என்பதை என்னைவிட அறிந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. ஏனென்றால் என் தொழிலே அதுதான். மதிப்பிட வந்தவர்களை வெறுமனே அனுப்புவதா என்று நான் பழைய சமையற்காரரை வரவழைத்து, பள்ளி முற்றத்திலேயே சீரகச் சம்பா பிரியாணிக்குத் தம் போடச் சொன்னேன். மணம் வகுப்பறைக்குள் வந்தது. வந்திருந்த இருவரும் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமே இல்லாத பள்ளி, என்ன ஒழுக்கம் என்று வியந்து, கை கழுவப் போனார்கள். வத்தலக்குண்டில் மீன் வறுத்திருக்கிறார்கள். நிலக்கோட்டையில் சாப்பாடும் போட்டு மடி நிறையப் பூவும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயக்குடிக்குப் போனவர்கள் கொய்யாப் பையோடு திரும்பியிருக்கிறார்கள். கை நனைத்த வீட்டைக் குறை சொல்ல இந்தப் பக்கத்தில் எவருக்கும் நா எழாது. அதை லஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. லஞ்சமாக இருந்திருந்தால் தடுப்பது எளிதாக இருந்திருக்கும்.

எனக்குக் கண் திறந்தது எங்கள் தெரு முனையில் உள்ள புரோட்டாக் கடையில். கடைக்காரரின் மகள் எங்கள் பள்ளியில் படிக்கிறாள். வாய் திறவாத பிள்ளை என்று பெயர் வாங்கியவள். ஆசிரியை அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவார். ஒரு மாலை தேநீர் குடிக்கப் போனபோது அவள் முக்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று வாடிக்கையாளர் ஒருவரை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமு, ஒங்களுக்கு ஆம்லெட் போடச் சொல்லவா? நேத்து வேணாம்னு சொல்லிட்டு அவுக தட்டுலருந்து பிச்சுப் பிச்சுத் தின்னீகள்ல."

கடையே சிரித்தது. சால்னாவில் காரம் ஏன் கூடியது, பக்கத்துக் கடைப் பூனை யாருடையது, மழைத் துளி பட்டால் புரோட்டாக் கல் ஏன் சீறுகிறது என்று அவள் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். நான் அருகில் அழைத்து, பள்ளிக்கூடத்தில் ஏன் இப்படிப் பேசுவதில்லை என்று கேட்டேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் நன்னா, அதாவது தாத்தா. விவரம் தெரியாத மனிதரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"அங்கன பேசுனா ஸ்டாரு போயிரும் நன்னா. மிஸ்ஸு சொல்லிருக்காக."

தேநீர் அப்படியே ஆறிப்போயிற்று. அடுத்த ஆண்டு முடிந்தால் அவள் முதலாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அவளோடு ஒரு வகுப்பறையே போய்விடும். பேசத் தெரிந்த பிள்ளைகளை வாங்கி, பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஐந்து நட்சத்திரமும் பெற்று அனுப்புகிறோம் என்பது எனக்கு அப்போது விளங்கியது. பயிற்சி ஆசிரியை ஓர் ஆண்டு முழுவதும் எங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். விதிப்படி அதற்கு வழி ஒன்றுதான். நாங்கள் கடைசியாக வர வேண்டும்.

வத்தலக்குண்டில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறையில் கூட்டமைப்பின் கூட்டம் நடக்கும். அங்கே எழுந்து நின்று, எங்கள் நட்சத்திரங்களில் நான்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்ன பணிவு என்று கைதட்டினார்கள். நான் பணிவாகப் பேசவில்லை, உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். என் கடையில் சால்னா புளித்திருந்தால் வாடிக்கையாளர் கண்ணெதிரேயே கொட்டுவேன், அதைப் போலத்தான் இதுவும் என்று விளக்கினேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் வத்தலக்குண்டுப் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையைக் குவித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"பாய், நீங்க இருக்குற பள்ளிக்கு ஒத்த ஸ்டாருன்னு எழுத யாருக்குக் கை வரும்? பெரியவுகளக் கொறச்சுப் போட்டோம்னு நாளைக்கு எங்களத்தான் பேசுவாக."

ஆக, என் நரைத்த தாடிக்கும் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். மரியாதை என்ற ஒன்று இவ்வளவு பெரிய சுவராகக் குறுக்கே நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுவரானால் இடிக்க வேண்டியதுதான். அந்த ஆண்டின் பார்வைக்கு, போன முறை வந்த இருவரில் எங்களை அதிகமாகப் புகழ்ந்த ஆயக்குடிப் பள்ளி அம்மையாரையே மீண்டும் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அமர்ந்தேன். அதில் அவர்களுக்கு மறுப்பில்லை.

வீட்டுக்கு வந்து, வருகிறவர்களுக்குச் சோறு கிடையாது, தேநீர் கிடையாது, தண்ணீரும் கிடையாது என்று என் மனைவியிடம் அறிவித்தேன். வீடும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய இயலாது.

"கூறு கெட்டுப் போச்சா ஒங்களுக்கு? நம்ம வாசலுக்கு வந்த தபால்காரரு கூட வெறும் வாயோட போனதில்ல."

தபால்காரர் நமக்கு மதிப்பெண் போட வரவில்லையே என்றேன். அந்த வாதம் அவளிடம் எடுபடவில்லை.

"அப்ப நான் எந் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்த அசிங்கத்த என் கண்ணால பாக்க வேணாம். ஊரு கேட்டா, பொஞ்சாதி வீட்டுல இல்லன்னாவது சொல்லுங்க."

சொன்னபடியே போய்விட்டாள். என் மானத்தைக் காப்பாற்ற அவளே ஒரு வழியும் விட்டுப்போனாள் என்பதை நான் உணர்ந்தேன். அந்த வழியை நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஆசிரியையிடம் சொன்னதுதான் கடினமாக இருந்தது. அவர் துடைத்த கரும்பலகையையே மீண்டும் துடைத்தார். பிறகு, அஞ்சு வாங்கிக் கொடுத்தவளுக்கு ஒன்று வாங்கித் தரப் பார்க்கிறீர்களே, நாளைக்கு வேறொரு பள்ளியில் எனக்கு வேலை கொடுப்பார்களா என்று கேட்டார். இது பள்ளிக்கு வரும் மதிப்பு, பள்ளிக்குப் பொறுப்பு நான், மேடையில் அப்படியே சொல்வேன் என்றேன். அது தமக்கு ஆறுதல் ஆகாது என்றார். உண்மைதான், ஆகாது. அன்று வகுப்பை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டார். எல்லா நாளையும் போல நடத்துங்கள் என்றேன்.

"எல்லா நாளும் மாதிரின்னா, வாயில வெரல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கும் சார், எல்லாம்."

அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குறித்த நாளில் ஆயக்குடி அம்மையாரும் நிலக்கோட்டைப் பள்ளியின் செயலாளரும் வந்தார்கள். செயலாளர் பூ வியாபாரி, நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுபவர். அம்மையார் கையில் வழக்கம்போலக் கொய்யாப் பை. வாங்க என்று சொல்ல என் உதடு தானாகவே பிரிந்தது. அதை மூடிக்கொண்டு இரண்டு நாற்காலிகளைக் காட்டினேன். பையை வாங்கவில்லை. நல்ல வெயில் காலம். வாசலில் நிழலாடும்போதெல்லாம் இருவரும் தேநீர்த் தட்டு வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முறை பூனை வந்தது. ஒரு முறை நானே வந்தேன், வெறுங்கையோடு. பூ வியாபாரி எழுந்து வந்து, பூ விஷயத்திலோ வேறு எதிலோ தம்மால் எனக்கு மனவருத்தம் உண்டா என்று காதோடு கேட்டார். ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்றேன். அவர் முன்னிலும் கலவரமடைந்து உட்கார்ந்தார்.

தேநீர் வராது என்பது உறுதியான பின்பு, பிள்ளைகளைத் தவிர அவர்களுக்குப் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.

அம்மையார் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அமர்ந்தார். சிலேட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்த ஒரு சிறுவனிடம், இது என்ன கண்ணு என்று கேட்டார். அவன் பயந்துபோய் ஆசிரியையை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் உதட்டின் மேல் விரலை வைத்து, "உஷ்" என்றான். அவனுக்குத் தெரிந்த பள்ளி ஒழுங்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். வகுப்பு முழுவதும் திரும்பி, விரலை உதட்டில் வைத்து, அம்மையாருக்கு "உஷ்" என்றது.

அவர் முகம் மாறியதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். மரக்கட்டைகள், மணிச்சட்டம், பொம்மை வண்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறை கிழியாமல் அடுக்கியிருந்தன. அன்பளிப்பாகக் கொடுத்தவர்கள் வரும்போது காட்டுவதற்காக வைத்தவை அவை. பூ வியாபாரி ஓர் உறையைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய தூசியையும் பார்த்தார். பிறகு இருவரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். அவரவர் எழுதினார்கள். ஆசிரியை தலை குனியாமல் நின்றார். அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட மதிப்பு இன்றளவும் குறையவில்லை.

நண்பகலில் எழுந்தார்கள். வெளிவாசலில் அம்மையார் நின்றார்.

"ஏனுங்க பெரியவரே, நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்புட்டமுங்களா? ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கூடக் கேக்கலீங்களே."

வாழ்நாள் முழுவதும் அயலாருக்கு இலை போட்டவன் காதில் விழக் கூடாத கேள்வி அது. ஆயினும் சொன்னேன்.

"மார்க்க எழுதிக் குடுத்துட்டு வாங்கம்மா, ஒங்க குடும்பத்துக்கே எல போடுறேன். இன்னைக்கு நீங்க வெறும் வயித்தோடதான் எழுதணும்."

அவர் கொய்யாப் பையைக் கை மாற்றிக்கொண்டார். கோபம் போனதா என்று தெரியவில்லை. விஷயம் புரிந்துவிட்டது.

"வவுறு காஞ்சு எழுதுனா எழுத்துக் கொஞ்சம் காரமாத்தானுங்க இருக்கும்."

"இருக்கட்டும்."

எதிர்ப் பெட்டிக்கடையில் அவர்கள் தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் குடித்ததைத் தெருவே பார்த்தது. பிரியாணிக்கடை பாய் விருந்தாளியைக் கடைத் தண்ணீர் குடிக்கவைத்தார் என்று அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பரவியது. மறுநாள் திரும்பிய என் மனைவி தட்டில் சோற்றை வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் வைக்காமல் போனாள். நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் முடிவைப் படித்தார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு நட்சத்திரம். அறையில் எவரும் கைதட்டவில்லை. துக்க வீட்டில் பார்ப்பது போலச் சிலர் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, இந்த மதிப்பை எங்கள் பள்ளி ஏற்றுக்கொள்கிறது, இதற்குப் பொறுப்பு தாளாளராகிய நான், எங்கள் ஆசிரியை அல்லர், அவர் நாங்கள் கேட்டதையே செய்தார் என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தவில்லை. இனி எந்தப் பள்ளிக்குப் போனாலும் எழுதி முடிக்கும்வரை தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று விதி செய்யுங்கள் என்றும் கேட்டேன்.

அப்போது கிளம்பியது சத்தம். தண்ணீர் தராத ஊருக்கு எவர் போவார் என்று ஒருவர் கேட்டார். பாய்க்கு டீச்சர் வேண்டுமென்றால் ஊரெல்லாம் பட்டினி கிடக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். விருந்தோம்பலை விட்டுவிட்டு என்ன கல்வி என்று ஒருவர் நீண்ட உரையே ஆற்றினார். ஆயக்குடி அம்மையார் எழுந்தார்.

"போன வருசம் அதே பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு போட்டவளும் நாந்தானுங்க. அன்னைக்கு நான் புள்ளைங்களப் பாக்கலீங்க, தம் போட்ட சட்டியத்தான் பாத்துட்டிருந்தேன்."

இதற்குப் பிறகும் எல்லாரும் இசைந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் பொய்யாகும். சில பள்ளிகள் இசைந்தன. சில பள்ளிகள் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. பெரிய பள்ளி ஒன்று கூட்டமைப்பிலிருந்தே விலகிக்கொண்டது. பூ வியாபாரி மட்டும் படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, அடுத்த முறை நிலக்கோட்டைக்கு நீங்கள்தான் வர வேண்டும், தண்ணீர் கேட்டீர்களோ விரட்டிவிடுவேன் என்றார்.

பயிற்சி ஆசிரியை பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே அலமாரியிலிருந்த உறைகளை எல்லாம் பிள்ளைகளைக் கொண்டே கிழிக்கவைத்தார். எங்கள் ஆசிரியை முதல் சில வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து வாசலில் மணல் கொட்டச் சொல்லி என்னிடம் வந்து நின்றார்கள். கொட்டினேன்.

பெற்ற நட்சத்திரத்தை வாசலில் பலகையாக மாட்ட வேண்டும் என்பதும் கூட்டமைப்பின் விதி. ஐந்தை மாட்டியிருந்த ஆணியிலேயே ஒன்றை மாட்டினேன். அதைப் படித்துவிட்டுச் சில பெற்றோர் பிள்ளைகளை ஆங்கில நர்சரிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் தடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. போனவர்களில் ஒருவர் என் உறவினர்.

ஒரு நாள் எங்கள் ஜமாஅத்தின் மூத்த நிர்வாகி ஒருவர் வந்தார். பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். அவர் மதிப்பிட வந்தவர் அல்லர் என்பதால் தேநீர் வரவழைத்தேன். குடித்தார். குடித்துவிட்டு, அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் பழைய பலகையை மாட்டு என்றார். ஜமாஅத்தின் பெயர் கெட்டுப்போகிறது, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள் என்றார்.

"படிக்கட்டும். அது பொய்யில்ல."

உள்ளே இருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்துகொண்டிருந்தது. யாரோ யாரிடமோ வண்டியைக் கேட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடம்தான், இப்போதுதான் ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். பலகை தொங்குவதானால் நீ தாளாளராக இருக்க முடியாது என்றார்.

"என்னக் கழட்டுங்க. பலகையக் கழட்ட விடமாட்டேன். அடுத்து மார்க்குப் போட வாரவுக வெறும் வயித்தோட வந்து எழுதி மாத்தட்டும்."

வயதாகியும் வீம்பு போகவில்லை என்றார். போகாது என்றேன். அவர் எழுந்து, விரலை நீட்டி மேலும் ஏதோ சொன்னார். உள்ளே சத்தம் அப்போது உச்சத்தில் இருந்தது. அவர் சொன்னது என் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.